இரண்டு காதுக்கு ஒரு குழு

மனிதத் தலைக்குக் காது இரண்டு என்பதை ஒப்புக்கொள்ள, கடலூர் வட்டாரக் குரல்வளப் பயிற்சி நிறுவனத்துக்கு மூன்று கூட்டங்கள் ஆயின. முதல் கூட்டத்தில் தலைவர் வரவில்லை. இரண்டாவது கூட்டத்தில் தலைவர் வந்தார், மற்றவர்கள் வரவில்லை. மூன்றாவதில் எல்லோரும் வந்து, போண்டாவும் வந்து, அது தீர்ந்த பிறகு கணக்கு அலுவலர் தைலம்மாள் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

"ஒரு காதுல கேட்டாலே விஷயம் புரிஞ்சிடும் சார். ரெண்டு காதுக்கும் சேத்து ஹெட்செட் வாங்குனா ஆடிட்ல கேக்க மாட்டாங்களா?"

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் என்பவர் நிறுவனத்தின் இயக்குநர் சிங்காரம். பம்புசெட் மானியப் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, குரல்வளத்தை வளர்க்க கடலூர் மஞ்சக்குப்பத்திலிருக்கும் தலைமை அலுவலகத்துக்கு வந்தவர். அவர் தன் இடது காதை ஒருமுறை தொட்டார். பிறகு வலது காதையும் தொட்டார்.

"ரெண்டு இருக்குது," என்றார். கண்காணிப்பாளர் சுப்புராயன் அதை அப்படியே தீர்மானமாக எழுதிக்கொண்டார்.

மேசையின் கோடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜெயராணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் இந்தக் குழுவுக்கு ஆசைப்பட்டு வந்தவள் அல்ல. நிறுவனத்தின் சிதம்பரம் மையத்தில் படிக்கும் பெண். கம்பெனிகளின் வாடிக்கையாளர் போன் செய்தால் பதமாகப் பதில் சொல்லும் வேலைக்கு அங்கே பயிற்சி. மையத்தில் கம்ப்யூட்டர் இருந்தது, உறை போட்டு வைத்திருந்தார்கள். ஹெட்செட் மட்டும் இல்லை. அதனால் மாணவர்கள் கரும்பலகை டஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று பேசிப் பழகினார்கள். வகுப்பு முடியும்போது எல்லோருடைய கன்னத்திலும் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த 2009ஆம் வருஷத்தில், சென்னையில் ஒரு கம்பெனி குரல் தேர்வு வைப்பதாகச் சொன்னது. கம்ப்யூட்டரில் வாய்ஸ் சாட் வழியாகவே தேர்வு. முதலில் ஒரே ஒருவரைச் சோதித்துப் பார்ப்பார்கள். சரியாக வந்தால் மற்ற மாணவர்களையும் கூப்பிடுவார்கள். வராவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த ஒருவராக ஜெயராணியின் பெயர் போயிருந்தது.

அவள் காட்டுமன்னார்கோயில் பக்கம். அவள் மாமா கொளஞ்சிக்கு அங்கே ரைஸ் மில் இருந்தது. "வேலை கெடைக்கலன்னா நம்ம மில்லுலயே வந்து ஒக்காரு புள்ள. சாயங்காலம் பேச்சுத் துணைக்கு தவுட்டு மூட்டை இருக்குது," என்று அவர் அன்பாகத்தான் சொன்னார். மில் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. நாள் முழுக்க யாரோடாவது பேசிக்கொண்டே இருந்தால்தான் ஜெயராணிக்கு உயிர் தரிக்கும்.

ஆகவே அவள் மையப் பொறுப்பாளர் ஆரோக்கியராஜிடம் போய், "சார், ஹெட்செட் எப்ப வரும்?" என்று கேட்டாள். அவள் செய்த தப்பு அதுதான். ஆரோக்கியராஜ் கேள்வியைக் கடலூருக்கு அனுப்பினார். கேள்வி பயனாளியிடமிருந்து வந்திருப்பதால், பயனாளியையே ஹெட்செட் தேர்வுக் குழுவில் உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அவள் டவுன் பஸ்ஸில் சிதம்பரம் வந்து, அங்கிருந்து கடலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பிடித்து, போண்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

காது விஷயம் முடிவானதும் தலை விஷயம் வந்தது.

"ஹெட்செட்னு சொன்னா அதுல ஹெட் இருக்குது. தலையோட அளவு தெரியாம வாங்குனா பொதுப் பணம் வீணாப் போயிடும்," என்றார் இயக்குநர். "நாம வாங்கறது சாமான் இல்லம்மா. நாளைய தலைமுறையோட தலை. அந்தத் தலைய நான் பொறுப்பில்லாம விட மாட்டேன்."

தலைகளை அளப்பதென்று முடிவாயிற்று. மாணவர்கள் ஆறு மாதத்தில் போய்விடுகிறவர்கள் என்பதால் நிரந்தரப் பணியாளர்களின் தலைகளை மட்டும் அளந்தால் போதும் என்றார் தைலம்மாள். தையல்கடையிலிருந்து டேப் வந்தது. இயக்குநரின் தலையை முதலில் அளந்தார்கள். அடுத்து சுப்புராயன் தலையை ஆரோக்கியராஜ் அளந்தார். அளந்தவர் முகம் வெளிறிவிட்டது. கண்காணிப்பாளரின் தலை இயக்குநரின் தலையைவிட அரை அங்குலம் பெரிதாக இருந்தது.

சுப்புராயனுக்கு நெற்றி வியர்த்தது. "முடிய கழிச்சிக்கலாம் சார். நாளைக்கே வெட்டிடறேன்," என்றார். ஆரோக்கியராஜ் டேப்பை இறுக்கினார். இன்னும் இறுக்கினார். சுப்புராயனின் கண்கள் கொஞ்சம் வெளியே வந்தன. அளவு இயக்குநருக்குக் கீழே இறங்கியதும், "அவ்வளவுதான்," என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். இயக்குநரின் தலையே நிறுவனத்தின் தலை என்று தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த கூட்டத்தில் முதன்முறையாக ஜெயராணியைப் பார்த்து, "பயனாளி என்ன எதிர்பார்க்குறீங்க?" என்று கேட்டார்கள். அவள் இதற்காகவே பஸ்ஸில் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

"காது வலிக்காத மாதிரி மெத்து மெத்துன்னு இருக்கணும் சார். வெளிச் சத்தம் உள்ள வரக்கூடாது. மைக்கு வாய்க்கு நேரா இல்லாம ஓரமா நிக்கணும், இல்லன்னா மூச்சுக்காத்து புஸ்ஸு புஸ்ஸுன்னு விழும். நாம பேசுனா அந்தப் பக்கம் இருக்கறவுங்களுக்குக் கேக்கணும்."

சுப்புராயன் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசி வரியை அடித்தார்.

"ஏன் சார் அத அடிக்கிறீங்க?"

"கேட்கும்னு நாம எழுதிட்டா, நாளைக்குக் கேக்கலன்னா யார் பதில் சொல்றது? மெத்து மெத்துன்னு இருக்கணும்னு எழுதலாம்மா. அத தொட்டுப் பாத்து நிரூபிச்சிடலாம்."

"இதுக்கு எத்தன ஹார்ஸ்பவர்?" என்று கேட்டார் இயக்குநர்.

"கேட்டு எழுதிடறேன் சார்," என்றார் சுப்புராயன்.

கடைகள் அனுப்பிய விளம்பரத் தாள்கள் எல்லாவற்றிலிருந்தும் நல்ல வார்த்தையாகப் பொறுக்கி அவர் விவரக்குறிப்பு தயாரித்தார். தடித்த மெத்தை, நீண்ட மைக், அதிரும் ஒலி, ஒளிரும் ஓரம், இரும்பு வளையம் என்று எதையும் விடவில்லை. அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்த ஹெட்செட் இந்தப் பூமியில் ஒரே ஒரு இனம்தான் இருந்தது. புதுச்சேரிக் கடைக்காரர் மாதிரிக்கு நாலு பெட்டி கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு பெட்டியின் மேலும் முகமூடி போட்ட ஒரு ஆள் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தான்.

"இது கேம் ஆடறவுங்க மாட்டிக்கறது சார்," என்றார் கடைக்காரர். "ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர்ல ஒக்காந்து, பேசிக்கிட்டே சுடணும். ஒங்க லிஸ்டுல இருக்கற எல்லாம் இதுலதான் இருக்குது."

தைலம்மாள் துப்பாக்கியை ஆட்சேபித்தார். இயக்குநர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"எந்தப் பொருளையும் அதுக்கான முறையில சோதிக்கணும். பம்புசெட்ட தண்ணி இறைச்சிப் பாப்போம். இத சுட்டுப் பாக்கணும்."

சோதனை சிதம்பரம் மையத்தில் நடந்தது. கம்ப்யூட்டர்களின் உறையைக் கழற்றினார்கள். கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த விளையாட்டை ஏற்றினார்கள். இயக்குநர் கண்ணாடி அறைக்குள் தனியாக அமர்ந்தார். மற்ற மூவரும் வெளியே வரிசையாக உட்கார்ந்தார்கள். தலைகளில் சிவப்பு விளக்கு மினுக்கியது. இயக்குநர் ஆணையிட, மற்றவர்கள் பகைவரைச் சுட வேண்டும் என்பது ஏற்பாடு. ஜெயராணி ஓரமாக நின்று பார்த்தாள்.

திரையில் நாலு வீரர்களும் ஒரு இடிந்த கட்டடத்துக்குள் நின்றார்கள். யாரும் அசையவில்லை. இயக்குநர் பேசாமல் மற்றவர் பேசுவது நிறுவனத்தில் வழக்கமில்லை. அவர் முதலில் "ம்" என்று சொல்ல வேண்டும். பிறகு சுப்புராயன், பிறகு தைலம்மாள், நேரம் மீதமிருந்தால் ஆரோக்கியராஜ்.

கண்ணாடிக்குள் இயக்குநர் பேசிக்கொண்டுதான் இருந்தார். கையை ஆட்டினார், மேசையைத் தட்டினார், ஒரு கட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டுக் கண்ணையும் துடைத்துக்கொண்டார். ஆனால் அவர் ஒயரில் இருந்த சின்ன மைக் சுவிட்ச் அணைந்திருந்தது. வெளியே ஒரு வார்த்தை வரவில்லை. மூவரும் மிக மரியாதையாக மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா சொன்னீங்க சார்," என்றார் சுப்புராயன், இயக்குநரின் உதடு நின்றதும்.

"மனசுல பதிஞ்சிடுச்சி சார்," என்றார் தைலம்மாள்.

ஜெயராணி சுப்புராயனின் ஒரு பக்கத்துக் காது மெத்தையை மெதுவாக விலக்கினாள். "சார், அவுரு ஒயர்ல ஒரு சுவிட்ச் இருக்குது. அது ஆஃப்ல இருக்குது சார்."

சுப்புராயன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "டைரக்டர் ஆஃப் பண்ணி வெச்சிருந்தார்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்மா. நாம யாரு ஆன் பண்ண?"

அதற்குள் பகைவர்கள் வந்துவிட்டார்கள். வீரர்களைச் சுற்றி நின்று ஆற அமரச் சுட்டார்கள். ஆணை இல்லாமல் திருப்பிச் சுட யாருக்கும் அதிகாரம் இல்லை. பதற்றத்தில் ஏதாவது செய்ய வேண்டுமே என்று சுப்புராயன் மௌஸைப் பிடித்தார். சுண்டுவிரல் வழுக்கியதோ ஆள்காட்டி விரல் வழுக்கியதோ, அவர் துப்பாக்கி வெடித்தது. எதிரே சுவரைப் பார்த்து நின்றிருந்த இயக்குநரின் வீரன் பொத்தென்று விழுந்தான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. "என்னைச் சுட்டது யாரு?" என்ற குரல் எந்தக் கருவியும் இல்லாமலே மையம் முழுவதும் தெளிவாகக் கேட்டது.

மறுநாள் சுப்புராயனிடம் விளக்கம் கேட்கப்பட்டது. மேலதிகாரியைப் பின்புறமிருந்து சுட்டதன் நோக்கம் என்ன? சுடுவதற்கு முன் எழுத்துமூலம் அனுமதி பெறப்பட்டதா? சுப்புராயன் மூன்று பக்கம் பதில் எழுதினார். சுட்டது தான் அல்ல, தன் பொறுப்பில் இருந்த துப்பாக்கி என்றும், இயக்குநர் விழுந்ததும் முதலில் வருந்தியது தானே என்றும், எத்தனை குண்டு பட்டாலும் அவர் கம்பீரமாகவே விழுந்தார் என்றும் அதில் இருந்தது. விசாரணை முடியும்வரை நாலு ஹெட்செட்டுகளும் சாட்சியப் பொருள்கள் என்று பீரோவில் வைத்து அரக்கு முத்திரை போட்டுவிட்டார்கள்.

குரல் தேர்வு அதற்கு அடுத்த நாள் காலை பதினொரு மணிக்கு.

ஜெயராணி கடலூருக்கு ஓடினாள். "ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க சார். பேசிட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

"நீ கேக்குறது ஹெட்செட்டா இருந்தா குடுத்துடலாம்," என்றார் சுப்புராயன். "இப்ப அது கொலை ஆயுதம்மா."

"அப்ப நான் எதுல பேசறது?"

"டஸ்டர் இருக்குதே?" என்றார் அவர். கிண்டலாக அல்ல, உண்மையாகவே சொன்னார். அதுதான் அவளுக்கு அழுகையை வரவழைத்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதும் தீர்த்தாள். மூக்கைச் சிந்திய பிறகு தன் செல்போனை எடுத்து நேராக அந்தக் கம்பெனிக்கே பேசினாள். வேறு கம்ப்யூட்டரிலிருந்து பேசலாமா என்று கேட்டாள்.

"எங்கேருந்து பேசுனா எங்களுக்கு என்னம்மா?" என்றது அந்தப் பக்கக் குரல். "நீங்க பேசறது கேக்கணும், அவ்வளவுதான்."

இத்தனை நாளில் கேட்க வேண்டும் என்று ஒரு மனுஷர் சொல்லிக் கேட்டது இதுவே முதல்முறை.

சிதம்பரம் கீழவீதியில் ஹுமாயூன் என்ற பரங்கிப்பேட்டைக்காரர் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். துபாயிலும் ஷார்ஜாவிலும் இருக்கும் கணவன்மாரோடு பேச வருகிற பெண்களால் காலையில் கடை நிறைந்திருக்கும். மாலையில் கேம் ஆடும் காலேஜ் பசங்க. தேர்வு நாள் காலையில் ஜெயராணி அங்கே போனாள். ஆணியில் கொத்தாக ஹெட்செட்டுகள் தொங்கின.

"இது பசங்க கேமுக்கு எடுக்கறது," என்று பெரிசாக ஒன்றைக் காட்டினார் ஹுமாயூன். "காதுக்கு சொகமா இருக்கும். ஆனா மைக்கு பொல்லாதது. நீ பேசறதையும் இழுக்கும், பக்கத்து கேபின்ல பேசறதையும் சேத்து இழுக்கும். ஒனக்கு வேணாம். இந்தா, ஒவ்வொண்ணா பேசிப் பாரு. ரெக்கார்ட் பண்ணி கேட்டுக்கோ."

அவள் பேசிப் பார்த்தாள். ஒன்றில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஒன்றில் இடது காது செத்துப்போயிருந்தது. ஒன்றின் மெத்தை பிய்ந்து தொங்கினாலும் குரல் பளிச்சென்று இருந்தது. அதை எடுத்து, கைக்குட்டையை மடித்துக் காதுக்கு வைத்து, மைக்கை உதட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். ஹெட்செட் தேர்வு முடிந்துவிட்டது. ஹுமாயூன் சொன்ன டீ இன்னும் வந்து சேரவில்லை.

பதினொரு மணிக்குக் கம்பெனி அழைத்தது. பெயர், ஊர் கேட்டார்கள். பிறகு அந்தப் பக்கத்து ஆள், "உங்க பின்னாடி யாரோ டைல்ஸ் பத்திப் பேசறாங்களே. இப்படி இரைச்சல் இருந்தா தேர்வு நடத்த முடியாதும்மா," என்றார்.

பக்கத்து கேபினில் மெகருன்னிசா ஷார்ஜாவில் இருக்கும் கணவரோடு, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு வெள்ளை டைல்ஸா பச்சை டைல்ஸா என்று ஊர் கேட்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஜெயராணி மைக்கைப் பொத்திக்கொண்டு தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பொத்திய மைக்கைத் தலையசைத்துக் காட்டினாள். கண் தளும்பியது.

மெகருன்னிசா அவளை ஒரு பார்வை பார்த்தார். "இன்டர்வியூவா தங்கச்சி?" என்றார். பிறகு ஷார்ஜா பக்கம் திரும்பி, "மச்சான், கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இருங்க. ஒரு புள்ளைக்கு வேலை கெடைக்கப் போவுது," என்றார். அடுத்த கேபினுக்கும் சுவரைத் தட்டிச் சொன்னார். அவர்கள் அதற்கடுத்த கேபினுக்குச் சொன்னார்கள். ஹுமாயூன் எழுந்து ஃபேனையே நிறுத்திவிட்டார். கடை முழுக்கப் பெண்கள் முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பேசாத கணவன்மாரைத் திரையில் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காசில் மீட்டர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்து ஆள் கோபக்கார வாடிக்கையாளராக நடித்தார். ரீசார்ஜ் செய்த பணம் காணாமல் போய்விட்டதாம், கத்தினார். "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்ற வாக்கியம் ஜெயராணியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நிறுவனத்தில் மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு ஊறியது அல்லவா! அதை அப்படியே விழுங்கினாள்.

"நீங்க கோவப்படறது நியாயம்தான் சார். எனக்குப் போனாலும் நான் இப்படித்தான் கத்துவேன். நம்பரச் சொல்லுங்க. லைன்லயே இருங்க, இப்பவே பாத்துச் சொல்றேன்."

அந்த ஆள் தன் சொந்தக் குரலில் சிரித்தார். "ஒண்ணாம் தேதி வந்து சேர்ந்துடுங்க. உங்க சென்டர்ல மத்தவங்களையும் திங்கக்கிழமை பேசச் சொல்லுங்க," என்றார். ஜெயராணி ஹெட்செட்டைக் கழற்றக்கூட மறந்து எழுந்தாள். ஒயர் இழுத்து மறுபடி உட்கார வைத்தது. கடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். பச்சை டைல்ஸ்தான் என்று முடிவாயிற்று.

செய்தி கடலூருக்கு எட்டியதும் நிறுவனம் விழா எடுத்தது. ஜெயராணியின் படமும் அதைப்போல் நாலு மடங்கு பெரிதாக இயக்குநரின் படமும் போட்ட பேனர் கட்டினார்கள். சிதம்பரம் மையத்து மாணவர்களை வேன் வைத்துக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இயக்குநர் எழுந்தார்.

"ஹெட்செட் இல்ல, ஹெட்செட் இல்லன்னு சில பேரு குறை சொன்னாங்க. இன்னிக்கு என்ன ஆச்சி? நம்ம நிறுவனத்துலேருந்து ஒரு ஹெட்செட் கூட குடுக்காமலே ஒரு பொண்ணுக்கு வேலை வாங்கிக் குடுத்திருக்கோம். அப்ப ஹெட்செட் தேவையே இல்லன்னு ஆவுதா இல்லியா? அதனால கொள்முதலையே ரத்து பண்ணிட்டோம். மிச்சமாவுற பணத்துல தலைமை அலுவலகத்துக்கு ஏசி போடறோம். மாதிரிக்கு வந்த நாலு மட்டும் மேல் ஆய்வுக்காக அதிகாரிங்ககிட்டயே இருக்கும். விசாரணைய முடிக்கணும்னா சம்பவத்தத் திரும்பத் திரும்ப நடத்திப் பாக்க வேண்டியிருக்குது."

கைதட்டல் எழுந்தது. முன்வரிசை மட்டும் தட்டவில்லை. அத்தனை பேரும் ஜெயராணியைப் பார்த்தார்கள். அவளுக்கு வேலை கிடைத்ததால்தான் தங்களுக்கு ஹெட்செட் போயிற்று என்பது போல ஒரு பார்வை.

"வெற்றியோட ரகசியத்தை ரெண்டு வார்த்தையில சொல்லும்மா," என்று இயக்குநர் மைக்கை நீட்டினார்.

ஜெயராணி மைக்கை வாங்கி மாணவர்கள் பக்கம் திரும்பினாள். "கீழவீதி, ஹுமாயூன் பாய் கடை," என்றாள். "திங்கக்கிழமை கம்பெனி ஒங்க எல்லாரையும் கூப்பிடுது. காலையில பத்து மணிக்கே வந்துடுங்க. மெத்தை பிஞ்சது ஒண்ணு தொங்கும், அத மாத்தி மாத்தி எடுத்துக்கங்க. கைக்குட்டை கொண்டாங்க. பக்கத்துல யாராவது பேசுனா சொல்லுங்க, நிறுத்திக்குவாங்க. நல்லவுங்க."

மேடைக்குப் பின்னால் திரும்பி ஏசி எங்கே மாட்டலாம் என்று சுப்புராயனிடம் கேட்டுக்கொண்டிருந்த இயக்குநர், குரல் நின்றதும் கைதட்டினார். அவர் தட்டியதால் சுப்புராயன் தட்டினார். சுப்புராயன் தட்டியதால் தைலம்மாள் தட்டினார். இந்தமுறை முன்வரிசை எழுந்து நின்று, விசிலடித்து, பந்தல் அதிரத் தட்டியது. மாணவர்கள் இவ்வளவு உற்சாகமாக இருந்து தான் பார்த்ததே இல்லை என்று இயக்குநர் நெகிழ்ந்துபோனார்.

ஜெயராணி மேடையைவிட்டு இறங்கி வந்தபோது ஆரோக்கியராஜ் பந்தல் காலுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"திங்கக்கிழமை நானும் வரலாமாம்மா?" என்றார். "எனக்கும் கொரலு நல்லாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன். இங்க வேலைக்குச் சேந்ததுலேருந்து பேசிப் பாக்கல."